விண்வெளிச் சட்டை தைத்தவளும் என் வீட்டுக் கதவும்

எங்கள் அபார்ட்மெண்ட் கதவில் ஒரு சின்னக் கண்ணாடித் துளை இருக்கிறது. அதில் கண்ணை வைத்துப் பார்த்தால் வெளியே நிற்கிறவர் முகம் உருண்டையாக, மூக்கு பெருத்து, காது இரண்டும் பின்னால் ஒதுங்கி, தலையில் கண்ணாடிக் குடத்தைக் கவிழ்த்த மாதிரி தெரியும். டிவியில் விண்வெளிக்குப் போகிறவர்களைக் காட்டுவார்களே, அப்படி. போன கோடையில் ஒரு காலை நேரம், அந்தத் துளை வழியாக எதிர்வீட்டுச் சீனத்து அக்காவை நான் வெகு நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் மணி அடித்தாள், கதவைத் தட்டினாள், காத்திருந்தாள். நான் திறக்கவில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு என்னையே பிடிக்காமல் போகிறது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். அஞ்சாவது வரைக்கும்தான் படித்தேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில், பிளெய்ன்ஸ்பரோவில் இருக்கிற மகன் வீட்டுக்கு வந்த புதிதில் அவளைக் கண்டாலே எனக்கு ஆகாது. அவள் வீட்டில் காய்ந்த மீன் பொரிக்கிற வாடை வராந்தா முழுக்க நிற்கும். நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு லிஃப்டுக்கு ஓடுவேன். மருமகளும், "ஐயோ அத்தை, கதவைச் சாத்துங்க, கார்பெட்ல ஏறிக்கும்" என்பாள். சிவகாசியில் சந்தைக்குச் சந்தை நெத்திலிக் கருவாடு வாங்கிச் சுட்டுத் தின்று வளர்ந்தவள் நான். இங்கே வந்த பிறகு கார்பெட்டுக்குப் பயந்து அதை விட்டுவிட்டேன். அவள் விடவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த வாடையை முகர்ந்தால் எனக்கு நாக்கில் எச்சில் ஊறும். அப்படி ஊறியதை மறைக்கத்தான் மூக்கைப் பொத்தினேன் என்று இப்போது தோன்றுகிறது. எவ்வளவு கேவலம்.

லைப்ரரியில் வயசானவர்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிற வகுப்பு ஒன்று உண்டு. நான் யாரோடும் பேசமாட்டேன், கடைசி நாற்காலியில் உட்கார்ந்துகொள்வேன். அவளும் கடைசி நாற்காலிதான். ஒரு நாள் என் ரவிக்கையில் கைப்பக்கத் தையல் விட்டிருந்ததைப் பார்த்து, விரலால் தொட்டு, ஊசி பிடிக்கிற மாதிரி சைகை காட்டினாள். ஊரிலிருந்து கொண்டுவந்து பையிலேயே வைத்திருந்த ஊசிப் பாக்கெட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அங்கேயே உட்கார்ந்து தைத்தாள். தைத்து முடித்ததும் ஊசியை என் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். ஊசிக் காதைக் காட்டினாள், முனையைக் காட்டினாள். நான் விளங்காமல் தலையாட்டினேன். அதற்கப்புறம்தான் என் கையில் கொடுத்தாள்.

பிறகு அவள் போனில் பேசுவாள், போன் அதைத் தமிழில் சொல்லும். செய்தி வாசிக்கிற பெண் மாதிரி ஒரு குரல். அந்தக் குரல் வழியாகத்தான் அவள் கதையைக் கேட்டேன். அவள் தைத்தது விண்வெளிக்குப் போகிறவர்கள் போடுகிற சட்டையை. காலையில் ஊசியை ஆளுக்கு ஒன்றாக எண்ணிக் கொடுப்பார்களாம். மாலையில் கொடுத்தவளிடமே திருப்பிக் காட்டவேண்டும். கொடுத்தவள் ஊசியின் காதையும் முனையையும் பார்த்துத் தலையசைத்தால்தான் வீட்டுக்குப் போகலாம். ஊசி உடைந்தால் இரண்டு துண்டையும் காட்டவேண்டும். ஒரு ஊசி சட்டைக்குள் தங்கிவிட்டால் மேலே போனவன் கதி என்ன? ஒருமுறை ஒரு ஊசி காணாமல் போய் எல்லோரும் சோறு தண்ணி இல்லாமல் தேடியிருக்கிறார்கள். கடைசியில் இவள் போட்டிருந்த சட்டைக்கை மடிப்பிலேயே குத்தியிருந்ததாம். அதைச் சொல்லும்போது அத்தனை வருஷம் கழித்தும் அவள் கழுத்து சிவந்தது.

அவர்கள் நாட்டிலிருந்து முதலில் ஒரே ஒரு ஆள் போனாராம், பூமியைப் பதினாலு சுற்று சுற்றிவிட்டு மறுநாளே இறங்கினார். இடது அக்குள் பக்கத் தையல் இவளுடையது. "எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். நான் அக்குளைப் பார்த்தேன்" என்றது போன். அடுத்து இரண்டு பேர் போனார்கள். அதற்கடுத்து மூன்று பேர். அதில் ஒருவர் கதவைத் திறந்து வெளியே வந்து சின்னக் கொடியை ஆட்டினார். பிறகு ஒரு பெண் போனாள். மற்ற நாட்டுக்காரர்கள் சேர்ந்து மேலே கட்டியிருக்கிற வீட்டுக்குள் இவர்களை விடவில்லையாம். அதனால் தனியாக ஒரு வீடு கட்டிக்கொண்டார்கள், இப்போது ஆறு ஆறு மாதம் அங்கேயே குடியிருக்கிறார்கள். இதை அவள் கோபமாகச் சொல்லவில்லை. எதிர்வீட்டுக்காரி கதவைச் சாத்துகிறாள் என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது.

நானும் ஒன்று சொன்னேன். "நானும் ராக்கெட் செஞ்சவதான்" என்றேன். பட்டாசுப் பட்டறையில் சின்ன வயசில் ராக்கெட்டுக்குக் காகிதக் குழல் உருட்டினேன். கையெல்லாம் வெள்ளிப்பொடி ஒட்டியிருக்கும், கழுவினாலும் போகாது, அந்தக் கையோடுதான் சோறு. இதை இங்கே யாரிடமும் சொல்லக்கூடாது என்று மகன் சொல்லியிருந்தான். போன் அதை அவள் பாஷையில் சொன்னதும் அவள் சிரித்தாளே ஒரு சிரிப்பு, டீச்சரம்மா திரும்பிப் பார்த்தார். "பட்டாசு எங்கள் நாட்டுச் சரக்கு. நீங்கள் எங்களுக்கு வேலை செய்திருக்கிறீர்கள்" என்றது போன். சிரித்து முடித்தபின் உங்கள் பட்டறையில் எதை எண்ணுவார்கள் என்று கேட்டாள். எங்கள் பட்டறையில் ஊசியும் கிடையாது, எண்ணிக்கையும் கிடையாது. பக்கத்துக் கொட்டகை வெடித்த அன்றைக்கு உள்ளே எத்தனை பேர் இருந்தார்கள் என்று முதலாளிக்கே தெரியவில்லை. வாசலில் கிடந்த செருப்பை எண்ணித்தான் கண்டுபிடித்தார்கள். அதைக் கேட்டு அவள் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அப்புறம், தன் வேலையைப் பற்றி வெளியே சொல்லவேண்டாம், மகளுக்கும் மருமகனுக்கும் க்ரீன் கார்டு வரவில்லை, பயப்படுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டாள். சொல்லமாட்டேன் என்று அவள் கையில் அடித்துக் கொடுத்தேன்.

அந்த வசந்தத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனுடைய சிநேகிதர்கள் சாப்பிட வந்திருந்தார்கள். டிவியில் சீனாக்காரர்கள் மூன்று பேர் ஆறு மாதம் தங்கிவிட்டுப் பாலைவனத்தில் இறங்குவதைக் காட்டினார்கள். அடிப்பிடித்த பானை மாதிரி ஒன்று மண்ணில் கிடந்தது. அதிலிருந்து ஆட்களைத் தூக்கி வந்து நாற்காலியில் உட்கார வைத்துப் போர்வை போர்த்தினார்கள். மகனோடு பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயில் ஏறுகிறவர் ஒருவர், வாயில் என் வடையை வைத்துக்கொண்டு, "சைனா மால் ப்ரோ. டார்ச் லைட்டே ரெண்டு நாள் எரியாது, இதுல ஆளை ஏத்தி அனுப்புறான். ட்ரெஸ் நடுவுலயே பிரிஞ்சிடப் போவுது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். "நம்ம ஆளு இன்னும் சொந்த ராக்கெட்ல போகல, பேச்சைப் பாரு" என்றாள் மருமகள். அதற்கும் சிரிப்பு. இன்னொருவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு வராந்தா வாடையைப் பற்றி ஏதோ சொன்னார்.

நான் கூட்டத்தில் வாய் திறக்கிறவள் இல்லை. அன்றைக்குத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "அந்தச் சட்டை பிரியாது தம்பி. தைச்சவங்க எதிர்வீட்லதான் இருக்காங்க" என்றேன்.

பெருமையாகத்தான் சொன்னேன். அவளுக்காகப் பேசிவிட்டேன் என்று ஒரு நிமிஷம் நெஞ்சு நிமிர்ந்தது. அப்புறம்தான் பார்த்தேன், ஒருத்தரும் சிரிக்கவில்லை. ரயில்காரர் வடையைத் தட்டில் வைத்துவிட்டு, "சீரியஸாவா ஆன்ட்டி? அவங்க ஸ்பேஸ் ப்ரோகிராம்லயா?" என்றார். அவர் கை போனுக்குப் போனது.

அன்று மாலைக்குள் குடியிருப்புத் தமிழர்களின் குரூப்பில் வந்துவிட்டது. எங்கள் பில்டிங்கில் சீனா ராணுவத்து ஆள், குழந்தைகள் ஜாக்கிரதை என்று. சட்டை தைத்தவள் எப்படி ராணுவம் ஆனாள் என்று யாரும் கேட்கவில்லை. யாரோ வீடு வாடகைக்கு விடுகிற லீசிங் ஆபீசில் போய்ச் சொன்னார்கள். வகுப்பில் அவளுக்குப் பக்கத்து நாற்காலி காலியாகவே இருந்திருக்கும், ஏனென்றால் நானும் போகவில்லை. மகன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். "அம்மா, இனிமே அவங்களோட பேச்சு வேண்டாம். என் கம்பெனில தெரிஞ்சா என் க்ரீன் கார்டும் போயிடும்." அவன் மருந்துக் கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்க்கிறவன். அவனுக்கும் ஆகாயத்துக்கும் என்ன சம்பந்தம்? ஆனாலும் நான் சரி என்றேன். எனக்கு அவன் பேச்சைவிட அவள் முகத்தைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது. சொல்லமாட்டேன் என்று கையில் அடித்துக் கொடுத்தவளல்லவா. என் பட்டறைக் கதையை அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை.

நான் வகுப்புக்குப் போன கடைசி நாளில், இன்னொரு ரவிக்கையின் கை விட்டுப்போயிருந்ததை அவள் வாங்கிப் போயிருந்தாள், ஊசியோடு. அது எனக்கு மறந்தே போனது.

அவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு டெக்சாஸுக்குக் கிளம்பிய காலையில்தான் அவள் வந்து மணி அடித்தாள். பின்னால் அட்டைப்பெட்டிகள். மகள் சீக்கிரம் வா என்று கூப்பிடுகிறாள். நான் துளையில் கண் வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறேன். திட்ட வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். அப்படி நினைத்ததே எவ்வளவு அழுக்கு. தட்டிப் பார்த்தாள். துளைக்கு அந்தப் பக்கம் அவள் கண் நேராக என் கண்ணுக்கு வந்தது. உள்ளே ஆள் இருப்பது அவளுக்குத் தெரிந்திருக்கவேண்டும். அந்தக் குடத்து முகத்துக்கு முன்னால் விரலைத் தூக்கினாள். விரல் நுனியில் என்னவோ மினுங்கியது. இப்படித் திருப்பினாள், அப்படித் திருப்பினாள். பிறகு அசையாமல் நின்றாள். கடைசியில் கைப்பிடியில் எதையோ மாட்டிவிட்டுப் போனாள்.

கார் போன சத்தம் கேட்டபிறகு திறந்தேன். பையில் என் ரவிக்கை, தையல் போட்ட இடமே தெரியாத தையல். ஒரு துண்டுச் சிவப்புக் காகிதத்தில் என் ஊசி.

அப்போதுதான் உறைத்தது, அவள் துளைக்கு முன்னால் காட்டியது ஊசியின் காதும் முனையும். எங்கள் ஆட்கள் அவளுக்குச் செய்ததெல்லாம் செய்து முடித்தபிறகும், ஊசியைக் கணக்காகக் காட்டிவிட்டு, கொடுத்தவள் தலையசைப்பதற்காக நின்றிருக்கிறாள்.

எதிர்வீட்டுக்கு இப்போது நம் ஊர்க்காரர்களே வந்திருக்கிறார்கள். வராந்தாவில் ஒரு வாடையும் இல்லை, மருமகளுக்குச் சந்தோஷம். டிவியில் வேறு மூன்று பேர் மேலே போய்விட்டார்கள். வீட்டில் ஆள் இல்லாதபோது நான் போய்த் துளையில் கண் வைக்கிறேன். வராந்தா உருண்டையாக, காலியாகத் தெரிகிறது. தலையை அசைக்கிறேன். கதவைச் சாத்திக்கொண்டு அசைத்தால் யாருக்குத் தெரியும்.