மின் லாட் நேராகச் சொல்லக் கற்ற சேதி

மாண்டலேயில் இருபத்திரண்டு வருடம் வயிற்றைக் கிழித்துத் தைத்தவர் சயா மின் லாட். டாக்டரை நாங்கள் மரியாதையாக சயா என்றுதான் கூப்பிடுவோம். ஆஸ்திரேலியாவிலுள்ள பெர்த்துக்கு வந்த பிறகு அவரை நம்பி ஒப்படைத்த வேலை, முதியோர் இல்லத்தில் தினமும் காலையில் பத்துப் பன்னிரண்டு பேரைக் குளிப்பாட்டிவிடுவது. அதற்கும் ஆறு வாரம் பயிற்சி கொடுத்து, கை கழுவுவது எப்படி என்று படம் போட்டு விளக்கினார்கள். சயா குறிப்பெடுத்துக்கொண்டார். அவ்வளவு பணிவு.

நானும் அந்த ரகம்தான். யாங்கோனில் டாக்டர், இங்கே இப்போதைக்கு மருந்துக் கிடங்கில் பெட்டி அடுக்குகிறேன். அந்த 'இப்போதைக்கு' தொடங்கி ஐந்து வருடம் ஆகிறது. எங்கள் பர்மியக் கூட்டத்தில் யாரைக் கேட்டாலும் டாக்டர்தான். காய்ச்சல் வந்தால் மருந்து எழுதிக் கொடுக்கத்தான் ஒருவருக்கும் உரிமை கிடையாது.

வெளிநாட்டில் படித்தவர் இங்கே வைத்தியம் பார்க்க இரண்டு பரீட்சை எழுத வேண்டும். முதலாவது கணினி முன்னால் உட்கார்ந்து. சயா அதை ஊதித் தள்ளிவிட்டார். இரண்டாவது நாடகம். வரிசையாக அறைகள், ஒவ்வொன்றிலும் நோயாளி வேஷம் கட்டிய ஒருவர், மூலையில் மார்க் போடும் ஒருவர். கதவில் ஒட்டியிருப்பதைப் படிக்க இரண்டு நிமிடம், உள்ளே எட்டு நிமிடம், உடனே மணி. வியாதியைக் கண்டுபிடித்தால் மட்டும் போதாது. வருத்தப்பட வேண்டும். நாம் வருத்தப்படுவது மூலையில் இருப்பவருக்குத் தெரியவும் வேண்டும்.

மூன்றாம் முறை சயா கோட்டை விட்ட கதை எங்களிடையே பிரசித்தம். கணையப் புற்றுநோய் வந்த கிழவர், பக்கத்தில் மகள். இரண்டு பேரும் நடிகர்கள். சேதியைக் கிழவரிடம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். சயாவோ எங்கள் ஊரில் எல்லா டாக்டரும் செய்வதைச் செய்தார். கிழவரிடம், "ஒண்ணுமில்லீங்க, வயித்துல சின்னப் புண்ணு" என்று சொல்லிவிட்டு, மகளுக்குக் கண்ஜாடை காட்டி அறையை விட்டே வெளியே கூட்டிக்கொண்டு போனார். அந்தப் பெண்ணுக்கு இப்படி ஒரு காட்சி உண்டென்று யாரும் சொல்லவில்லை, பாவம். வேஷம் கலையாமல் பின்னாலேயே போய்விட்டாள். நடையில் மற்ற பரீட்சைக்காரர்கள் வாய் பிளந்து நிற்க, சயா சுவரோரமாக அவளிடம், "மூணு மாசம்தாம்மா. அப்பாவுக்குத் தெரிய வேணாம்" என்றார். அவள் நிஜமாகவே அழுதாளாம். கண்காணிப்பாளர் ஓடி வந்தார். மார்க் பூஜ்யம்.

"பெரியவரு மூஞ்சியப் பாத்து அத எப்படிய்யா சொல்றது கோ ஸா? ஆனாடே இல்லையா?" என்று என்னிடம் கேட்டார். எதிராளியைச் சங்கடப்படுத்திவிடுவோமோ என்று நாம் படும் சங்கடத்துக்குத்தான் எங்கள் மொழியில் ஆனாடே என்று பெயர். அதற்கு எந்த நாட்டுப் பரீட்சையிலும் மார்க் கிடையாது.

நான்காவது முறைதான் கடைசி என்று முடிவு செய்துவிட்டார். வயது ஐம்பத்து நான்கு. கோதுமை வயல்களுக்கு நடுவே ஒரு சிற்றூர் ஆஸ்பத்திரி, தேறினால் எடுத்துக்கொள்கிறோம் என்று எழுதியிருந்தது. தவறினால் ஆயுசுக்கும் குளிப்பாட்டல்தான்.

ஞாயிறுதோறும் என் வீட்டுக் கார் ஷெட்டில் ஒத்திகை. என் மனைவி மா யின்தான் நோயாளி. நான் மூலையில் உட்கார்ந்து மார்க் போடுவேன். அதே பரீட்சையில் மூன்று முறை தோற்ற எனக்கு அதற்குத் தகுதி இருக்கிறது.

"தங்கச்சி, ரிப்போர்ட் வந்துருக்கு. அது வந்து... சாப்ட்டியாம்மா?"

"சயா! நான் சாகப்போறேன், நீங்க சோத்தப் பத்திக் கேக்குறீங்களே! என்னப் பாத்துச் சொல்லுங்க."

"வாய் வரமாட்டேங்குதும்மா."

"நம்ம பேச்சுல எதுக்கு யோசிக்கிறீங்க? இங்கிலீஷ்லயே நெனச்சு இங்கிலீஷ்லயே சொல்லிடுங்க. யாரோ வெள்ளக்காரன் சொன்னதா வச்சுக்குங்க. ஒங்களுக்கென்ன போச்சு?"

அந்த யோசனை பலித்தது. அடுத்த நான்கு மாதத்தில் சயா என் மனைவியை நுரையீரலில், ஈரலில், மூளையில் என்று முப்பது தடவையாவது சாகடித்தார். ஒவ்வொரு தடவையும் கண்ணைப் பார்த்து, இதமான குரலில், அப்பழுக்கில்லாத ஆங்கிலத்தில். செத்தவள் எழுந்து போய் எல்லோருக்கும் மொஹிங்கா மீன் சூப் ஊற்றிக் கொடுப்பாள்.

தேறிவிட்டார். கெட்ட சேதி சொல்லும் அறையில் முழு மார்க். எனக்குப் பொறாமையாக இருந்தது, மறைப்பானேன்.

சிற்றூருக்குப் போன இரண்டாம் மாதம் போன் செய்தார். அங்கே இறைச்சி ஆலையில் நம் ஊர்க்காரர்கள் நிறையப் பேர். அவர்களில் ஒருவனின் அப்பா, ஊ பா ஓன் என்ற கிழவர், ஆஸ்பத்திரியில் இருந்தார். கணையம்தான், நடிப்பில்லை. மகன் வாசலிலேயே சயாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க சயா" என்று கெஞ்சியிருக்கிறான். இங்கே அப்படி மறைக்கக் கூடாது. சயா இப்போது முழு மார்க் டாக்டர் வேறு. உள்ளே போய், கற்றுக் கொடுத்தபடி கிழவரின் கண் மட்டத்துக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, டிஷ்யூ பெட்டியைக் கிழவரின் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தார். வாயைத் திறந்தார். ஆங்கிலம் வந்தது. கிழவருக்கு ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை தெரியாது.

"நம்ம பேச்சுல அத நான் ஒரு தடவகூட சொன்னதில்ல கோ ஸா. தேடிப் பாக்குறேன், எங்கிட்ட இல்ல" என்றார் சயா.

கிழவர் அந்த டிஷ்யூ பெட்டியை சயா பக்கமாக நகர்த்திவிட்டு, "ஒங்களுக்குச் சங்கடமா இருந்தா விடுங்க சயா. எனக்கு எப்பவோ தெரியும். எம் பையன்கிட்ட நானே பக்குவமா சொல்லிக்கிறேன்" என்றாராம்.