நான் கொடுத்த விசில்கள்

பீரோவைக் குடைந்து அந்த விசிலை எடுத்துவந்தவள் என் மகள்தான். கறுப்பு விசில், நுனியில் என் பல் பதிந்த தடம் இன்னும் இருக்கிறது. "நீங்க கூப்பிடுறது அடுப்படிக்குக் கேக்க மாட்டேங்குதுப்பா. எந்திரிக்கணும்னா இதை ஊதுங்க, ஓடியாந்துடுறேன்" என்று தலையணை ஓரம் வைத்துவிட்டு மாவு ஆட்டப் போய்விட்டாள். குளியலறையில் வழுக்கி விழுந்து, முழங்காலுக்குக் கீழே வலது கால் முறிந்து, உள்ளே தகடு வைத்து, குரும்பலூர் வீட்டுக் கட்டிலில் நான் கிடக்கத் தொடங்கி அன்று பத்தாவது நாள். பதினொரு வருஷம் அந்த விசிலை ஊதித்தான் சோறு தின்றேன். இருந்தும் வாயருகே கொண்டுபோனதும் கை அப்படியே நின்றுவிட்டது. நாக்கில் பழைய ரோட்டுப் புழுதி கரித்தது.

நான் கண்டக்டராக இருந்தது ஒரு தனியார் பஸ்ஸில். குரும்பலூரில் கிளம்பி பெரம்பலூர், அரியலூர் வழியாகக் கல்லங்குறிச்சி வரை போகும். டிரைவர் என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். சொந்தமும் இல்லை, பந்தமும் இல்லை. ஆனாலும் அவர் எனக்கு மாமா, நான் அவருக்கு மாப்ளே. கண்டக்டர் ஒரு விசில் ஊதினால் வண்டியை நிறுத்த வேண்டும், இரண்டு ஊதினால் எடுக்க வேண்டும். இரண்டு விசில் காதில் விழாமல் அவர் சக்கரத்தை ஓர் அங்குலம் நகர்த்த மாட்டார். முதலாளியே ஏறி உட்கார்ந்து "எடுப்பா" என்றாலும் கண்ணாடியில் என்னைத்தான் பார்ப்பார். "மாப்ள ரைட்டு குடுக்கட்டும் சார்" என்பார். அதில் எனக்கு ஒரு கெத்து இருந்தது, இல்லையென்று ஏன் பொய் சொல்ல வேண்டும்.

ஒரு ஓய்வு நாளில் பைக்கில் போனவர், நாய் குறுக்கே பாய்ந்ததில் விழுந்தார். இடது கால் எலும்பு இரண்டு துண்டு. உள்ளே கம்பி வைத்த டாக்டர், நாலு மாதம் கழித்துப் படம் எடுத்துப் பார்த்து, எலும்பு கூடியிருந்தால்தான் காலை ஊன்றலாம் என்று சொல்லிவிட்டார். அதுவரை வண்டிக்கு ஒரு ஆக்டிங் டிரைவர் வந்தான். இளவட்டம், சுத்தமான கை, ஒரு நாளும் லேட் கிடையாது. நான் பார்க்கப் போகும்போதெல்லாம் மாமா கேட்டது ஒரே கேள்விதான். "எப்படி ஓட்டுறான்?" ஓட்டைவாயன் நான், "நல்லாத்தான் ஓட்டுறான் மாமா, முதலாளிக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு" என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. பத்தொன்பது வருஷமாக உட்கார்ந்த சீட் கையைவிட்டுப் போகிறது என்று அந்த நிமிஷமே முடிவு கட்டிவிட்டார் போலிருக்கிறது.

இரண்டாவது மாதக் கடைசியில் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு ஸ்டாண்டில் வந்து நின்றார். "டாக்டர் சொல்லிட்டாரு மாப்ளே, ஓட்டலாமாம்." படமே எடுக்கவில்லை என்று முந்தின நாள்தான் அவர் சம்சாரம் என்னிடம் போனில் அழுதிருந்தார். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. என் ஆள் திரும்பி வந்துவிட்ட சந்தோஷம் எனக்கு.

கிளட்சை மிதிக்கும் கால் இடது கால். முதல் நாளே பார்த்துவிட்டேன். நிறுத்தம் வந்தால் இடது கையால் முழங்காலைப் பிடித்து அமுக்குவார், அப்புறம்தான் கிளட்ச் கீழே போகும். கியர் மாறும்போது பல்லும் பல்லும் அரைபடுகிற சத்தம் கடைசி சீட் வரை கேட்கும். முன்சீட்டில் எப்போதும் தைல வாடை. காலை ஏழு மணிக்கே சட்டை முதுகில் ஒட்டியிருக்கும். எதிரே அரியலூர்ப் பக்கமிருந்து சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாக வரும். அவற்றைத் தாண்டும் ஒவ்வொரு தடவையும் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிடுவேன். வண்டிக்குள் அறுபது பேர் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் காலைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான்.

அப்போதுதான் அந்த வழியைக் கண்டுபிடித்தேன். வண்டியை முழுசாக நிறுத்தினால்தானே கிளட்சை அடிவரை மிதித்துப் பிடிக்க வேண்டும்? நிறுத்தாமல் மெல்ல உருட்டிவிட்டால்? நிறுத்தம் வருவதற்கு முன்பே ஒரு விசில் கொடுப்பேன், வேகம் குறையும். இறங்குகிற ஆளின் கால் தரையைத் தொட்டதோ இல்லையோ, இரண்டு விசில். ஆட்களை முன்கூட்டியே படியில் வரிசையாக நிற்க வைத்தேன். அடுத்தடுத்த இரண்டு நிறுத்தங்களை ஒன்றாக்கினேன். "என்ன கண்டக்டரே, ஒரேடியாப் பறக்குறீங்க?" என்று சிலர் திட்டினார்கள். காலேஜ் பசங்களுக்கு மட்டும் குஷி. கண்ணாடியில் மாமா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுவார். நானும் பெரிய சாமர்த்தியசாலி மாதிரி சிரிப்பேன். சீ, இப்போது நினைத்தால் என்மேலேயே எனக்குக் காறித் துப்பத் தோன்றுகிறது.

நாளாக ஆக அவர் பேச்சு குறைந்தது. டீக்கு இறங்குவதை விட்டுவிட்டார். கிளாஸைச் சீட்டுக்கே கொண்டுவரச் சொன்னார். ஒரு நாள் பேன்ட்டை மீறிக் கணுக்கால் வீங்கித் தெரிந்தது. "மாமா, ஒரு தடவை காட்டிட்டு வந்துடுங்களேன்" என்றேன். "நீ விசிலைக் குடு, நான் பாத்துக்கிறேன்" என்றார். குடுத்தேன். இப்படி இரண்டு மாதம்.

அன்று புரட்டாசிச் சனிக்கிழமை. கல்லங்குறிச்சிப் பெருமாளைப் பார்க்க வந்த கூட்டம் படிவரை பிதுங்கியது. எங்கள் வண்டியில் தினமும் வரும் தயிர்க்காரம்மா, தூக்குவாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு கோயிலுக்கு முந்தின நிறுத்தத்தில் இறங்க வேண்டும். "இன்னிக்காவது நிறுத்துங்க சாமி, கால் நடுங்குது" என்று கேட்டது. "நீ இறங்கும்மா, நானிருக்கேன்" என்றேன். வண்டி உருண்டுகொண்டிருந்தது. அந்தம்மாவின் ஒரு கால் கீழே, ஒரு கால் படியில். எனக்கு முன்னால் தலைகள் மறைத்ததில் இரண்டு காலும் இறங்கிவிட்டதாக நினைத்து இரண்டு விசில் ஊதிவிட்டேன். வண்டி துள்ளியது. எட்டிப் பிடித்தேன், கையில் புடவை முந்தானைதான் கிடைத்தது. ஒரு விசிலை விடாமல் ஊதினேன். வண்டி முக்கி முனகி நின்றபோது பின்சக்கரத்துக்கு அடியில் தூக்குவாளி அப்பளமாக நசுங்கிக் கிடந்தது. தார் ரோடெல்லாம் தயிர். அதற்கு ஒரு சாண் தள்ளி அந்தம்மாவின் பாதம். உயிரோடு, முழுசாக இருந்தது. அந்தம்மா தன் காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டது, அழக்கூட இல்லை.

அந்தம்மாவை ஓரமாக உட்கார வைத்துவிட்டுப் படியேறினேன். கண்ணாடியில் மாமா என்னைப் பார்த்தார். நான் விசிலை எடுக்கவில்லை. "ரைட்டு குடு மாப்ளே." குடுக்கவில்லை. "கூட்டம் பாக்குதுடா, குடுடா." அப்போதும் குடுக்கவில்லை. "மாமா, இறங்கிடுங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் சாவியைத் திருப்பி அணைத்தார். இரண்டு கையாலும் காலைத் தூக்கி வெளியே வைத்து, கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். ரோட்டோரம் நடந்து போனவர் திரும்பியே பார்க்கவில்லை.

காலுக்குள் இருந்த கம்பி முறிந்து போயிருந்தது. மறுபடி அறுத்தார்கள், சீழ் பிடித்தது, மறுபடியும் அறுத்தார்கள். கடைசியில் இடது கால் இரண்டு அங்குலம் குட்டையாகிவிட்டது. ஸ்டியரிங்கை அவர் அப்புறம் தொடவே இல்லை. என் போனையும் எடுக்கவில்லை. எத்தனை பேர் முன்னால் இறக்கிவிட்டேன், அந்தக் கோபம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். செய்தது சரிதானே என்ற தைரியமும் உள்ளுக்குள் இருந்தது. நாலு வருஷம் கழித்து, மீன்சுருட்டியில் மகன் வீட்டில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். கைத்தடியைச் சாய்த்துவிட்டு நாற்காலி காட்டினார். "அன்னைக்கு ரைட்டு குடுக்காதது மனசுல இருக்குதா மாமா?" என்று கேட்டே விட்டேன்.

குட்டையான காலைத் தடவிக்கொண்டே சொன்னார். "அன்னைக்குக் குடுக்கலைன்னு யாருடா கோவிச்சா? அதுக்கு முன்னாடி ரெண்டு மாசமும் குடுத்தியே மாப்ளே. முதல் நாளே குடுக்காம இருந்திருந்தா எனக்குக் கால் இருந்திருக்கும்ல."

அவர் இப்போது உயிரோடு இல்லை.

நான் இன்று பஸ் ஸ்டாண்டில் வண்டிகள் வந்து போகும் நேரத்தைக் குறிக்கும் டைம் கீப்பர். என் நாற்காலியில் வேறொருவனை உட்கார வைத்திருக்கிறார்கள். "எப்ப சார் வர்றீங்க? இல்லேன்னாலும் பரவாயில்ல, தம்பி நல்லாப் பாக்குறான்" என்று நேற்று ஆபீஸிலிருந்து போன் வந்தது. ஆறு வாரம் காலை ஊன்றவே கூடாது என்பது டாக்டர் பேச்சு. இன்று காலை மகள் அடுப்படியில் இருந்தபோது, வாக்கரைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து நின்றேன். ஒரு அடி வைத்தேன். கத்தியால் இழுத்த மாதிரி வலி தொடை வரை ஏறியது. இன்னொரு அடியும் வைத்தேன். வாசற்படியில் அவள் வந்து நின்றதைப் பார்த்துச் சிரித்துக்கூட வைத்தேன்.

"அட, நடக்குறீங்களேப்பா! வலிக்கலையா?" அவள் முகமெல்லாம் பூரிப்பு. கையைத் தட்டி, "ரைட், ரைட்! வாங்க, வாங்க" என்றாள்.

அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். தலையணை ஓரமிருந்த விசிலை எடுத்து ஒரே ஒரு முறை ஊதினேன். பக்கத்திலேயே நிற்பவளைக் கூப்பிட விசில் எதற்கென்று அவள் விழித்தாள். "என்னப்பா?"

"வலிக்குதும்மா" என்றேன்.