கலண்டர் தாளில் ஒரு கொம்பைலர்

கிளிநொச்சியில் எங்கள் கணினிக்கூடத்துக்குப் பொறுப்பாக இருந்த மிஸ், எந்தக் கணினியில் எதை மாற்றினாலும் பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி அந்தக் கணினியிலேயே ஒட்டிவிடுவா.

குளத்துக் கதவுகளைத் திறந்தால் வெள்ளம் எங்கே ஏறும் என்று கணக்கிடும் என் புரோகிராம், வேறொருவர் எழுதிவைத்த கணக்குநிரல்களின் தொகுப்பான லைப்ரரியோடு இணையாமல் பிழை காட்டிக்கொண்டிருந்தது. வெளியே மூன்றாம் நாளாக மழை.

"லைப்ரரி ஆர் தந்தது?"

"வவுனியாச் சிநேகிதன், பென்ட்ரைவில."

"எந்தக் கொம்பைலரால கட்டினவராம்?"

"கேக்கேல்லை, மிஸ்."

"ரெண்டும் வேற வேறயெண்டால் எப்பிடிச் சேரும்?"

ஏசவில்லை. நாங்கள் எழுதுவதைக் கணினிக்குப் புரியும் மொழிக்கு மாற்றும் கொம்பைலர் ஒன்றாலேயே இரண்டையும் முதலிலிருந்து கட்டினா. புரோகிராம் ஓடியது. வரைபடத்தில் நீலம் பரவியது. அதன் நடுவில் விரலை வைத்தா.

"இதிலதான் எங்கட வீடு."

நான் பதறி எழும்பினேன். அவாவோ கொம்பைலரின் பெயரை எழுதி ஒட்டிவிட்டுத்தான் கைப்பையை எடுத்தா.

அந்தத் தாள் இன்னும் அங்கே இருக்கிறது. ஓர் எழுத்தும் கோணவில்லை.