சந்தனம் வைத்த கார்டு

எண்பதுகளின் கடைசியில் ஓர் ஆயுத பூஜை நாள். பாலக்கோட்டிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம் போனால் வருகிற ஒரு சின்ன ஊரின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எனக்கு வேலை. அதற்கு முன் பத்து வருடம் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, போர்டில் பிளக்கைச் செருகிச் செருகி ஊராரைப் பேச வைத்தவள் நான். யார் வீட்டில் நிச்சயதார்த்தம், எந்த அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை இல்லை என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஒட்டுக் கேட்பேனா என்று கேட்காதீர்கள். காதில் விழுந்தால் நான் என்ன செய்ய?

அந்த வருடம்தான் போர்டைக் கழற்றிவிட்டு எலெக்ட்ரானிக் மெஷினைக் கொண்டுவந்து வைத்தார்கள். பீரோ உயரம், கண்ணாடிக் கதவு. உள்ளே தட்டுத் தட்டாக, புத்தகம் அடுக்கியதுபோல் கார்டுகள். ஒரு கார்டுக்கு எட்டு போன். ஒன்று கெட்டால் மெஷினை நிறுத்தாமலே உருவிவிட்டு வேறொன்றைச் செருகலாம். மூளை மாதிரி இரண்டு கார்டு இருந்தன. ஒன்று படுத்துக்கொண்டால் அடுத்த நொடியே மற்றது வேலையை எடுத்துக்கொள்ளும். ஊர் பெரிதானால் கார்டு போட்டுக்கொள்ள இடமும் காலியாக விட்டிருந்தார்கள்.

பெங்களூரில் ஆறு வாரம் பயிற்சி கொடுத்து அந்த மெஷினை என் பொறுப்பில் விட்டார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்த அறைக்குள் போகவேண்டும். வெளியே வெயில் கொளுத்தும். உள்ளே ஏசி ஒரே சுரத்தில் முனகிக்கொண்டிருக்கும். ஊரில் யாராவது போனை எடுத்தால் கார்டின் முகப்பில் ஒரு பச்சை விளக்கு எரியும், வைத்தால் அணையும். ஒரு சத்தம் இருக்காது. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் தூக்கமா விழிப்பா என்று தெரியாத ஒரு மயக்கம் வரும். ஊரே கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக மூச்சு விடுவதுபோல் இருக்கும். அந்த மெஷின்மேல் எனக்கு அப்படி ஒரு பிரியம்.

பூஜைக்கு முதல் நாள் பஸ் ஸ்டாண்டு பக்கம் தையல் கடை வைத்திருந்த பெண் என்னைத் தேடி வந்தாள். அவள் கணவர் சண்டை போட்டுக்கொண்டு பம்பாய்க்குப் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவரிடமிருந்து முதல் தடவையாகக் கடிதம். ஆயுத பூஜை அன்று பதினோரு மணிக்கு உன் கடைக்குப் பக்கத்து மெடிக்கல் கடை நம்பருக்குப் போன் செய்கிறேன், நீ எடுக்கவில்லை என்றால் நான் வருவது உனக்கு இஷ்டமில்லை என்று எடுத்துக்கொள்வேன், இனித் தொந்தரவு செய்யமாட்டேன் என்று எழுதியிருந்தார். பதில் போட விலாசம்கூட இல்லை.

"அந்த மெஷினு நாளைக்கு நல்லா ஓடுங்களாக்கா?" என்று கேட்டாள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். கண்ணாடி வழியாக மெஷினைக் காட்டி, கால்மணி நேரம் அதன் பெருமையை அளந்தேன். எது கெட்டாலும் ஊர் போன் நிற்காது, நிம்மதியாகப் போய்த் தூங்கு என்று அனுப்பிவைத்தேன்.

மறுநாள் காலை பூஜை. நாங்கள் கிறிஸ்தவர்கள்தான். ஆனாலும் ஆபீஸ் பூஜைக்குச் சந்தனம் கரைப்பது வருடா வருடம் என் வேலை. மெஷினுக்குள் ஈரம் படக்கூடாது என்பதால் லைன்மேன் கண்ணாடிக் கதவில் மட்டும் பொட்டு வைத்தார். பொரி, கடலையை வாங்கிக்கொண்டு பிள்ளைகளைப் பார்க்க வீட்டுக்குப் போனார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. வேலை செய்வது உள்ளே இருப்பது, பொட்டு மட்டும் கதவுக்கா? உடம்பில் தேங்கும் மின்சாரம் தாக்கி கார்டு கெட்டுவிடாமல் இருக்க மணிக்கட்டில் எர்த் பட்டையைக் கட்டிக்கொண்டேன். பயிற்சியில் சொன்னதை மீறமாட்டேனாம், அவ்வளவு விவரம்! முதல் கார்டை உருவி, நடுவில் சந்தனமும் குங்குமமும் வைத்து, பத்திரமாகத் திரும்பச் செருகினேன். கோளாறு காட்டும் சிவப்பு விளக்கு எரியவில்லை. திருப்தியாக முன் அறையில் உட்கார்ந்து பொரி தின்றேன்.

பத்தே முக்காலுக்கு அந்தப் பெண் ஓடிவந்தாள். புதுப் புடவை, தலை நிறையப் பூ.

"போன்ல சத்தமே இல்லீங்க்கா. எடுத்தா கம்முனு கெடக்குது."

உள்ளே போனேன். மெடிக்கல் கடை போன் இருக்கும் முதல் கார்டில் சிவப்பு விளக்கு. உருவிப் பார்த்தால் ஈரச் சந்தனம் வழிந்து கறுப்புச் சில்லுகளின் கால்களுக்குள் இறங்கியிருந்தது. இதில் இன்னொரு கொடுமை உண்டு. இப்படிக் கெட்டால் கூப்பிடுகிறவர் காதில் மணி அடிப்பதுபோலவே கேட்கும், இங்கே அடிக்காது. பம்பாயில் அவர் மணியைக் கேட்டுக்கொண்டே நிற்பார். இவள் எடுக்கவில்லை என்றுதான் நினைப்பார்.

மாற்றுக் கார்டு தர்மபுரியில் இருந்தது. யாரையாவது அனுப்பி எடுத்துவர இரண்டு மணி நேரமாவது ஆகும். அவளிடம் மறைக்க எனக்கு மனம் வரவில்லை. நான்தான் கெடுத்தேன் என்று சொல்லிவிட்டேன். அவள் திட்டவில்லை. கடிகாரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஏதாச்சும் பண்ணுங்க்கா" என்றாள், அவ்வளவுதான்.

அப்போதுதான் பயிற்சியில் சொன்னது ஞாபகம் வந்தது. போன் நம்பர் கார்டுக்கு அல்ல, அது செருகியிருக்கும் இடத்துக்குத்தான். எந்தக் கார்டு வந்து உட்கார்ந்தாலும் அந்த இடத்தின் நம்பரில் பேசும். ஐந்தாவது கார்டில் தக்காளி மண்டிகளும் இரண்டு ஆபீஸ்களும் இருந்தன. எல்லாம் லீவு. ஒரு பெரிய அதிகாரியின் வீட்டுப் போனும் அதில்தான் இருந்தது. கேட்டுக்கொண்டு செய்ய நேரம் இல்லை. அவளை மெடிக்கல் கடைக்கு ஓடச் சொல்லிவிட்டு, ஐந்தாவதை உருவி முதல் இடத்தில் செருகினேன். சிவப்பு அணைந்தது.

சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க மெடிக்கல் கடை நம்பரைச் சுழற்றினேன். முதல் மணியிலேயே எடுத்தாள். "சொல்லுங்க" என்றாள். அந்த ஒரு சொல்லுக்குள் ஒரு வருடம் இருந்தது. அது எனக்கானது அல்ல. நான்தாம்மா, வை வை என்று சொல்லிச் சட்டென்று வைத்தேன். வெட்கமாக இருந்தது.

பதினொன்று அடித்தது. ஐந்து நிமிடம் போனது. அந்தக் கார்டில் மெடிக்கல் கடைக்கான முதல் விளக்கு எரியவே இல்லை. குளிர்ந்த அறையில் எனக்கு வியர்த்தது. மாதாவே, மாதாவே என்று சொல்லிக்கொண்டு நின்றேன். பிறகு, சத்தமே இல்லாமல், பச்சை எரிந்தது.

தரையில் உட்கார்ந்துவிட்டேன். பழைய போர்டாக இருந்தால் என்ன பேசுகிறார்கள் என்று தெரிந்திருக்கும். இங்கே ஒரு சின்ன வெளிச்சம்தான். அழுகிறாளா, சண்டை போடுகிறாளா, ஒன்றும் தெரியாது. எவ்வளவு நேரம் எரிந்தது என்றும் சொல்லமுடியாது. ஏசி முனகியது, நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அணைந்தபோது ஏதோ கனவிலிருந்து எழுப்பிவிட்டதுபோல் இருந்தது.

அன்று போன் வேலை செய்யாமல் போன அந்த அதிகாரி சும்மா விடவில்லை. எனக்கு மெமோ வந்தது. சந்தனத்தை மறைக்காமல் விளக்கம் எழுதிக்கொடுத்தேன், திட்டும் வாங்கினேன். அந்தப் பெண் மறுநாள் ஆபீஸ் வாசலுக்கு வந்து, "தீபாவளிக்கு வூட்டுக்கு வரேன்னாருங்க்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தையல் கடையைத் திறக்கப் போனாள். வேறு எதையும் நான் கேட்கவில்லை.

அதன் பிறகு எதைப் பற்றியும் பெருமை அளக்க வாயெடுத்தால் கறுப்புச் சில்லுகளில் வழிந்த சந்தனம்தான் கண்முன் வரும். பத்து வருடம் கேட்ட ஊரார் பேச்சில் ஒன்றுகூட இப்போது நினைவில் இல்லை. கேட்காத அந்த ஒரு பேச்சு மட்டும் பச்சை வெளிச்சமாக இன்னும் எனக்குள் எரிந்துகொண்டிருக்கிறது.