எனக்கும் எஃப்.சி. உண்டு

என் கனரக லைசென்ஸ் முடிய இன்னும் சில வாரங்களே இருந்தபோதுதான், அதைப் புதுப்பிக்கப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும் என்று சொன்னார்கள். இத்தனை வருஷம் தூத்துக்குடிக்கும் வேம்பாருக்குமாகத் தனியார் பஸ் ஓட்டியவனுக்கு பஸ் ஓட்டத் தெரியுமா என்று மூன்று நாள் உட்கார வைத்துப் பார்ப்பார்களாம். அதில் எனக்கு வருத்தமில்லை. என் மனைவிக்கும் அந்தச் சந்தேகம் நெடுநாளாக உண்டு. வகுப்புக்கு யார் துட்டுக் கட்டுவது என்பதுதான் கேள்வி.

முதலாளிக்குப் பலசரக்குக் கடை. கூடவே ஒரே ஒரு பஸ். வற்றல் மூடைகளுக்கு நடுவே அமர்ந்திருந்தவரிடம் போய்ச் சொன்னேன்.

“படிக்கப் போறது நீரு. கட்டுறதும் நீருதானவே? எம்மவன் காலேஜுக்கு ஒம்மகிட்டயா வந்து நின்னேன்?”

“சரி அண்ணாச்சி. அந்த மூணு நாளைக்குப் படி?”

எங்கள் தொழிலில் வண்டி எடுத்த நாளைக்குத்தான் படி. எடுக்காத நாளில் வீட்டுக்குக் கொண்டுபோக முகம் மட்டும்தான் இருக்கும்.

“படிக்கப் போறவனுக்கு என்னவே படி?”

தன் சிலேடைக்குத் தானே சிரித்தார். எடை போடுகிறவர் சிரித்தார். தமிழை ரசிக்கிற கெட்ட பழக்கம் எனக்கும் உண்டு என்பதால் நானும் சிரித்துத் தொலைத்தேன். ஒருவன் தன் வயிற்றில் விழுந்த அடிக்குத் தானே கைதட்டியதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பஸ் ஸ்டாண்டில் மற்ற டிரைவர்கள் எல்லாரும் சத்தம் காட்டாமல் கட்டியிருந்தார்கள். “கட்டிட்டுப் போவியா, அதுக்கொரு விசாரணை” என்றார் ஒருவர். நானும் கட்டிவிட்டுத்தான் போயிருப்பேன். மறுநாள் உப்பளங்களைத் தாண்டி வண்டி போய்க்கொண்டிருந்தபோது, பக்கவாட்டுத் தகரத்தில் போட்ட புது ஒட்டு சைடு கண்ணாடியில் பளபளத்திராவிட்டால்.

எங்கள் கரையில் உப்புக் காற்று தகரத்தை முறுக்குப் போலக் கடித்துத் தின்னும். அதனால் எஃப்.சி. காட்டப் போவதற்கு முன் வண்டியைப் பட்டறையில் விட்டு, ஓட்டை அடைத்து, சீட்டு உறை தைத்து, பெயிண்ட் அடித்து, மாலை போடாத குறையாகத்தான் அனுப்புவார் முதலாளி. ஓட லாயக்கு என்று அரசாங்கம் சீட்டுத் தர வேண்டுமே. எனக்குக் கேட்பதும் அதே சீட்டுதானே?

வேம்பாரில் டீ குடிக்கும்போது கண்டக்டரிடம் சொன்னேன். அவன் என்னைவிட இளையவன், வாய் மட்டும் மூத்தது.

“எஃப்.சி.ன்னா பெயிண்ட் அடிக்கணுமேண்ணே. ஒமக்கு எங்கன அடிக்க?”

“தலைக்கு.”

“தொந்திக்கு டிங்கரிங் வேலையும் இருக்கு. அதுக்குத் தனி எஸ்டிமேட்டு.”

சாயங்காலம் கடைக்குப் போனேன். “அண்ணாச்சி, வண்டிக்கு எஃப்.சி. காட்டுறது யாரு செலவு?”

“என் வண்டி. என் செலவு.”

“அந்த வண்டியில ஸ்டியரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவுல ஒரு பார்ட்ஸ் கெடக்கு. அதுக்கு எஃப்.சி. முடியப் போவுது. காட்டாம எடுத்தா மாட்டிக்கிடப் போறது ஒங்க வண்டிதான்.”

அவர் சிரிக்கவில்லை. “ஒம்மள மாதிரி ஆளு ஸ்டாண்டுல வரிசையில நிக்கான், தெரியும்லா?”

தெரியும். அதனால்தான் மேசைக்குக் கீழே என் கால் ஆடிக்கொண்டிருந்தது. மேசைக்கு மேலே இருந்த பாகம், “அப்ப கூப்பிட்டுக்கிடுங்க” என்று சொல்லிவிட்டது.

கூப்பிட்டும் பார்த்தார். ஆனால் அதற்குள் கண்டக்டரின் வாய் ஸ்டாண்டு முழுக்க ஒரு நடை போய் வந்திருந்தது. வந்த முதல் ஆளே, “எஃப்.சி. செலவு ஒங்களுதுதான அண்ணாச்சி?” என்று கேட்டிருக்கிறார். இரண்டாமவரும் அப்படியே. எனக்கு அன்றிலிருந்து ஸ்டாண்டில் பெயர் மாறியது. “ஏலே, எஃப்.சி. வாரான்டா” என்பார்கள். வகுப்புக்கான துட்டை முதலாளி கட்டினார். படியைப் பற்றி வாயே திறக்கவில்லை.

வகுப்பு தூத்துக்குடிக்குப் பக்கத்துப் புதுக்கோட்டையில் நடந்தது. சொல்லித் தந்தவர் நல்ல மனிதர். ஸ்டியரிங்கை எப்போதும் இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும் என்று மூன்று நாளும் சொன்னார். ஒரு கையால் ஓட்டி, மறு கையால் வடை தின்று வளர்ந்த எங்கள் கூட்டம் தலைகுனிந்து கேட்டுக்கொண்டது. உண்மையாகவே சில விஷயம் தெரிந்துகொண்டேன். பயிற்சி வேண்டாம் என்று நான் என்றைக்கும் சொன்னதில்லை.

சான்றிதழும் புது லைசென்ஸும் கைக்கு வந்தபின் கடையில் போய் நின்றேன். வேம்பார் வண்டிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. சாவி என் கையில் இருந்தது.

“மூணு நாள் படி, அண்ணாச்சி.”

“வண்டி ஓடலையேவே!”

“வண்டி எஃப்.சி.க்கு நின்ன நாளுக்கு பைனான்ஸ்காரன் தவணையைத் தள்ளுபடி செஞ்சானா?”

சாவியை மேசையில் வைத்தேன். ஸ்டாண்டிலிருந்து கண்டக்டர் போன் மேல் போன் அடித்தான். நேரம் தவறினால் பின்னால் நிற்கும் வண்டி ஆளை எல்லாம் அள்ளிக்கொண்டு போய்விடும் என்பது என்னைவிட முதலாளிக்கு நன்றாகத் தெரியும். எனக்கோ, இந்தச் சாவி திரும்பக் கைக்கு வருமா என்பதே தெரியாது. வற்றல் நெடியில் தும்மல் வேறு வந்தது. புரட்சியின் நடுவே தும்மக்கூடாது என்று அடக்கிக்கொண்டு நின்றேன்.

கல்லா திறந்தது. எண்ணி நீட்டினார், சாவியையும் சேர்த்து. “இனிமேப்பட்டு எங்கிட்ட சட்டம் பேசாதேயும்.”

முதலாளி தந்தால் இரண்டு கையையும் நீட்டி வாங்குவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். கையும் பழக்கத்தில் எழுந்தது. இடது கையை இழுத்துச் சட்டைப்பைக்குள் விட்டேன். இரண்டு கை ஸ்டியரிங்குக்கு. தர்மம் வாங்கினால் அதற்கும் இரண்டு கை.

இது படி. ஒரு கையால் வாங்கிக்கொண்டு வண்டியை எடுக்கப் போனேன்.