புதுப்பித்த வீடு

இரண்டாம் உலகப் போர் முடிந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. சென்னையில் குடியிருக்க இடம் கிடைக்காத காலம். புதிதாக வீடு கட்டுகிறவர்களுக்குச் சில ஆண்டுகள் சொத்துவரி கிடையாது என்று அறிவிப்பு வந்தது. நான் வேலை பார்த்த பத்திரிகையில் அந்தச் செய்திக்குத் தலைப்புப் போட்டவன் நான். நல்ல ஏற்பாடு என்றே நினைத்தேன்.

ராயபுரத்தில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச்சு ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓர் ஐப்பசி மழையில் அவருடைய ஓட்டு வீட்டின் தெருப்பக்கச் சுவர் சரிந்தது. மிச்சத்தை அவரே இடித்துத் தள்ளினார். கடைக்கால் தோண்டி இரண்டு அறை எழுப்பினார். ஓய்வின்போது வந்த பணம் சுவரோடு தீர்ந்துவிட்டது. தளம் போடக் கடன் வாங்கினார். வரி இல்லாத ஆண்டுகளில் அதை அடைத்துவிடலாம் என்று நம்பினார்.

வரி விலக்குக்கு மனு கொடுக்க வேண்டும். அவருக்குக் கையெழுத்து மட்டும் போட வரும். என்னிடம் வந்தார்.

"எழுது நைனா. பழைய வூட்ட இட்ச்சிட்டு, அடியிலேர்ந்து புது வூடு கட்டிகீறேன். அத்தொட்டு வரி வாணாம்."

'என் வீட்டைப் புதுப்பித்துள்ளேன்' என்று எழுதினேன். நாலு சொல்லை ஒரு சொல்லாகக் குறுக்குவது எங்கள் பத்திரிகை மேசையின் பழக்கம். 'இடித்துவிட்டு' என்பது மனுவில் கரடுமுரடாகத் தெரியும் என்றும் பட்டது. வாசித்துக் காட்டினேன். "சோக்கா கீது" என்று கையெழுத்துப் போட்டார்.

விலக்கு இல்லை என்று கடிதம் வந்தது. கூடவே வரியையும் உயர்த்தியிருந்தார்கள். இருவரும் வரி ஆபீசுக்குப் போனோம். குமாஸ்தா காகிதக் கட்டைப் பிரித்து மனுவை எடுத்தார்.

"புதுப்பித்துள்ளேன்னு நீரே எழுதிக் குடுத்திருக்கீரே. அது ரிப்பேர். ரிப்பேருக்கு விலக்கு கிடையாது."

"அப்ப வரிய இன்னாத்துக்கு ஏத்தினீங்கோ?"

"இப்ப புது வீடா நிக்குதே. வாடகை மதிப்பு கூடிடுச்சு."

"வரி போட சொல்லோ புது வூடு, தள்ளுபடி பண்ண சொல்லோ பழைய வூடா? இன்னா சாமி, ஒரே வூட்டுக்கு ரெண்டு வயசா?"

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். குமாஸ்தாவும் சிரித்தார். கெட்ட மனிதரல்ல. "முழுசா இடிச்சதுக்கு அத்தாட்சி கொண்டாரும், மேலே அனுப்பறேன்" என்றார்.

"இட்ச்ச வூட்ட எங்கேர்ந்து கொண்டார்றது?"

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. 'புதுப்பித்துள்ளேன்' என்ற சொல் என்னுடையது என்று நான் அங்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. திரும்பி நடக்கும்போதுதான் சொன்னேன். அவர் தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். "நல்லதுக்குத்தானே எழுதினே, வுடு நைனா" என்றார். அன்று சாயங்காலம் அவர் மனைவியின் குரல் சுவரைத் தாண்டிக் கேட்டது. "பேப்பர்காரன்னு நம்பிக் குட்த்தியே! உன் வாயில வந்தத அப்டியே எழுதினா அவன் பேனா தேஞ்சிடுமா?"

நடந்ததை நடந்தபடி எழுதி, தெருக்காரர்களின் கையெழுத்தோடு இன்னொரு மனு அனுப்பினோம். பதில் வரவில்லை.

அதே தெருமுனையில் யானைக்கவுனி வியாபாரி ஒருவர் காலி மனையில் மாடி வீடு கட்டி ஆறு குடித்தனம் வைத்திருந்தார். அவருக்கு விலக்கு கிடைத்தது. விதியை வாங்கிப் படித்துப் பார்த்தேன். அதில் ஒரு பிழையும் இல்லை. அந்த வியாபாரி அந்த வீட்டில் ஒரு நாளும் தங்கியதில்லை. கட்டியது புது வீடா என்று மட்டும் விதி கேட்டது. அதில் யார் குடியிருக்கப் போகிறார் என்று கேட்கவில்லை. காலி மனை இருந்தவருக்கு எதையும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. இருந்த ஒரே கூரையை இடித்துக் கட்டியவர்தான் நிரூபிக்க வேண்டியிருந்தது.

கடன் கொடுத்தவரும் வரி நோட்டீசும் மாறி மாறி வருவது வழக்கமாயிற்று. மறு ஆண்டு பக்கத்து வீட்டுக்காரர் வீட்டை விற்றார். நகருக்கு வடக்கே எர்ணாவூரில் ஒரு கூரை வீட்டை வாடகைக்குப் பிடித்திருந்தார்.

சாமான் வண்டியில் ஏறிய பிறகும் அவர் மனைவி உள்ளே பெருக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் நிமிரவில்லை. அவரோ தெருவில் நின்று தளத்தின் விளிம்பை அண்ணாந்து பார்த்தார். இரண்டு மழை பார்த்தும் எங்கும் கசிவில்லை.

"வூடு நல்லாத்தானே கட்னேன், நைனா?"

"நல்லா கட்டினீங்க, அண்ணே" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு மனைவியைக் கூப்பிட உள்ளே போனார்.