முதன்முதலில் பார்த்த தேதி

லண்டனில் வேலை பார்க்கும் கணவன் மகாராஜாவோடு போய் வாழ, தூத்துக்குடி ஏஜென்டிடம் விசா விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தாள் பேச்சிச்செல்வி.

"ரெண்டு பேரும் மொத மொத பாத்துக்கிட்ட தேதி?"

சொன்னாள்.

"அது ஒம் பிறந்த தேதில்லா, தங்கச்சி?"

"ஆமா அண்ணாச்சி. அவிய எங்க அத்தை மவன். நான் பொறந்த அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு வந்து பாத்தாவளாம்."

அவர் தலையைச் சொறிந்துகொண்டே அதைக் கணினியில் தட்டினார். "காதல் எப்ப ஆரம்பிச்சுதுன்னும் இந்தப் பாரத்துல கேட்டிருக்கான்."

சொந்த பந்தத்தில் ஒருவர்கூட அவளிடம் கேட்காத கேள்வி. யோசித்து யோசித்துப் பார்த்தாள், பிடிபடவில்லை. வெளியே வந்து அவனுக்குப் போன் போட்டாள்.

"அத்தான், நமக்குள்ள அது எப்ப ஆரம்பிச்சுது?"

"எனக்குத் தேதியே தெரியும். ஒனக்கு எப்பன்னு கேக்கத்தான் இம்புட்டு நாளா பயந்துக்கிட்டுக் கெடந்தேன். ஏளா, நீ சொல்லு."